குழிகளின் மேல் ஓடும் சக்கரங்கள்

எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள பிரதேசத்தைப் புதிதாகப் பார்க்க வருகிறவர், ஒன்றுக்கொன்று விலகித் தனித்தனியே நிற்கும் பட்டாசு ஆலை அறைகளையும், அவற்றுக்கிடையே சீமைக்கருவேல் மண்டிய பொட்டல்களையும், மேற்கே அடிவானத்தில் நீலக்கோடாக நீளும் மலைத்தொடரையும் கண்டு, இங்கே மனிதர்கள் நெருப்பை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று எளிதில் முடிவு கட்டிவிடுவார். அந்த முடிவு பாதிதான் சரி. விருதுநகர் மாவட்டத்து ஜனங்களில் ஒரு பெரும் பகுதியினர் பூமியைத் தோண்டியும் பிழைத்தவர்கள். ஆலங்குளத்தில் அரசாங்க சிமெண்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்டது; பந்தல்குடிப் பக்கத்தில் தனியார் ஆலைக்காக வெட்டப்பட்டது; சாலைக்கும் வீட்டுக்கும் ஜல்லி வேண்டுமென்று ஊருக்கு ஊர் கல்குவாரிகள் திறக்கப்பட்டு, வேட்டு வைத்துப் பிளந்த பாறை லாரி லாரியாகக் கிரஷருக்குப் போயிற்று. குத்தகைக் காலம் முடிந்ததும் குத்தகைதாரர் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். குழி மட்டும் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் நீர் தேங்கும். கோடையிலும் வற்றாத அந்தப் பச்சை நீரைப் பார்த்துப் பிள்ளைகள் குளிக்கப் போவார்கள். செங்குத்தான கரையில் ஏறுவதற்குப் பிடிமானமின்றி அவர்களில் யாராவது ஒருவன் திரும்பாமல் போவான். அதன் பிறகு கொஞ்ச காலத்துக்கு, “ஏலே, குழிப் பக்கம் போகாதே” என்று தாய்மார் அதட்டிக்கொண்டிருப்பார்கள்.

கனிமம் தீர்ந்த பிறகு அந்தக் குழியை, அந்த மண்மேட்டை, அந்தப் பொட்டலை என்ன செய்வது என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. நிலக்கரியையும் இரும்பையும் தகரத்தையும் தோண்டிய எல்லாத் தேசங்களிலும் இக்கேள்வி எழுந்திருக்கிறது. அதற்கு வேல்ஸ் தேசத்தில் ஒரு மலையடிவார நகரமும், ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள டாஸ்மேனியாத் தீவில் ஒரு சிற்றூரும், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சில ஏரிக்கரை ஊர்களும் ஒரே விதமான, முதலில் கேட்கும்போது நகைப்புக்கிடமான பதிலைச் சொல்லியிருக்கின்றன: அந்த நிலத்தின் மேல் சைக்கிள் விடுவது என்பதே அந்தப் பதில்.

சைக்கிள் என்றதும் நமக்குக் கண்முன் நிற்பது, சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் கறுப்பு நிற ஹெர்குலிஸ் வண்டி. பின்சீட்டில் தூக்குவாளியும் முன்கம்பியில் குழந்தையுமாக வேலைக்கும் சந்தைக்கும் போய் வந்த வண்டி. மலைச் சைக்கிள் என்பது அதன் தூரத்து உறவினன்தான். அகன்ற, முரட்டுப் பற்கள் கொண்ட டயரும், குண்டு குழிகளின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷனும், ஒரு விரலால் அழுத்தினாலே நின்றுவிடும் டிஸ்க் பிரேக்கும், செங்குத்தான ஏற்றத்திலும் காலை நோகவிடாத கியரும் இன்று கொண்டுள்ள அந்த வண்டி, 1970-களில் கலிபோர்னியாவின் டமல்பையஸ் மலையடிவாரத்தில் பிறந்தது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள் யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய பலூன் டயர் வண்டிகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றில் ஏறி மலைப்பாதையில் கீழ்நோக்கிப் பாய்ந்தார்கள். 1976-ல் அவர்கள் தொடங்கிய பந்தயத்தில், பின்சக்கரப் பிரேக்கினுள் இருந்த கிரீஸ் அடிவாரம் வந்து சேருமுன் சூட்டில் உருகிப் புகைந்து போகுமாதலால், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் அதைப் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. இருபதே ஆண்டுகளில், 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றுவிட்டது. நமக்கு அண்டையில், திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தேறியது. ஆகவே இது ஏதோ தூரதேசத்துப் பணக்காரப் பிள்ளைகளின் விநோதம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இந்த விளையாட்டுக்கு வேண்டிய நிலம் எப்படிப்பட்டது என்று யோசித்தால், சுரங்கம் ஓய்ந்த பூமிக்கும் இதற்கும் உள்ள பொருத்தம் விளங்கும். விவசாயத்துக்குச் சமதரை வேண்டும். வீட்டுக்கு உறுதியான கடைகால் வேண்டும். மலைச் சைக்கிளுக்கோ மேடும் பள்ளமும், பாறையும் சரிவும், வளைவும் திருப்பமும் வேண்டும். உழவனும் கொத்தனாரும் கைவிட்ட நிலத்தில்தான் இந்தச் சைக்கிள் விடுகிறவன் மகிழ்ச்சியடைகிறான். சுரங்கக் கம்பெனி விட்டுச்சென்ற கழிவு மண்மேடும், வண்டித் தடமும், பாறை முகமும் இவனுக்குச் செல்வமாகின்றன.

வேல்ஸிலுள்ள மெர்தர் டிட்ஃபில் நகரத்திலிருந்து தொடங்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்து இரும்புத் தொழிலின் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் அது. சிஃபார்த்ஃபா, டௌலைஸ் என்ற பெரும் இரும்பாலைகள் அங்கே இரவும் பகலும் எரிந்தன. அந்த உலைகளுக்கு இரையாக, சுற்றியுள்ள மலைகளைக் குடைந்து நிலக்கரி எடுத்தார்கள். சிஃபார்த்ஃபா ஆலையை ஆண்ட கிராஷே குடும்பத்தார் திறந்த கெத்தின் சுரங்கத்தில், 1862 பிப்ரவரி 19 அன்று தீவாயு பற்றி வெடித்து 47 பேர் மாண்டார்கள். ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே சுரங்கம் இன்னொரு முறையும் வெடித்தது. இருபதாம் நூற்றாண்டில் இரும்பும் போயிற்று, கரியும் போயிற்று. வேலையற்ற நகரம் என்ற பெயர் மட்டும் நெடுங்காலம் நிலைத்தது. அந்தக் கெத்தின் மலைச்சரிவில் அரசு வனத்துறை மரம் வளர்த்து வைத்திருந்த காட்டில்தான், 2013 ஆகஸ்டில் ‘பைக் பார்க் வேல்ஸ்’ திறக்கப்பட்டது. ஏறத்தாழ 490 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு வண்டிகளையும் ஆட்களையும் வேன்கள் ஏற்றிக்கொண்டு போய் விடுகின்றன. அங்கிருந்து கற்றுக்குட்டிக்கு ஒன்றும், கைதேர்ந்தவனுக்கு ஒன்றுமாக, எளிமையும் கடுமையும் வண்ணக் குறியால் பிரித்துக் காட்டப்பட்ட நாற்பதுக்கு மேற்பட்ட பாதைகள் கீழே இறங்குகின்றன. பனிச்சறுக்கு மலைகளில் செய்வதுபோல ஒருநாள் சீட்டு விற்கிறார்கள். வார இறுதி நாட்களில் இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து வண்டிகள் வந்து குவிகின்றன.

இவ்வளவோடு நிறுத்தினால் அது விளம்பரக் கட்டுரையாகிவிடும். கெத்தின் காட்டிலிருந்து பள்ளத்தாக்கு வழியே சில மைல் தெற்கே இறங்கினால் அபர்ஃபான் என்ற கிராமம் வருகிறது. அந்தக் கிராமத்துக்கு மேலே மலைமீது தேசிய நிலக்கரி வாரியம் கழிவைக் கொட்டிக் கொட்டிக் குன்றுகளாக எழுப்பியிருந்தது. அவற்றுள் ஏழாவது குன்று ஊற்றுகளின் மேல் எழுப்பப்பட்டது என்பது ஊராருக்கும் தெரியும், அதிகாரிகளுக்கும் தெரியும். புகார்க் கடிதங்களும் போயிருந்தன. 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், நீர் ஊறிக் குழம்பாகிவிட்ட அந்தக் கரிக்கழிவு சரிந்து இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். விசாரணை மன்றம் 1967-ல் நிலக்கரி வாரியத்தின் மீதே பழியைச் சுமத்தியது. ஆனால் ஓர் அதிகாரி கூட வேலையிழக்கவில்லை. இதைவிடக் கொடிய செய்தி ஒன்றுண்டு. இறந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்காக உலகத்து மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுனை எடுத்து, எஞ்சிய குன்றுகளை அகற்றும் செலவுக்குச் செலுத்தும்படி அரசாங்கம் செய்தது. அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்க 1997 ஆயிற்று, அப்போதும் வட்டியில்லை. 2007-ல் வேல்ஸ் அரசாங்கம் மேலும் ஒரு தொகையை வழங்கி, பழைய அநியாயத்துக்கு ஓரளவு பரிகாரம் தேடிக்கொண்டது.

இந்தச் சரித்திரத்தை ஏன் விளையாட்டுக் கட்டுரையில் நுழைக்கிறீர் என்று வாசகர் கேட்கக்கூடும். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவன் அச்சமின்றிச் சைக்கிளில் பாய முடிகிறதென்றால், அதற்கு முன்னால் அங்கேயுள்ள ஒவ்வொரு கழிவுக் குன்றும் யாருடையது, எதன்மேல் நிற்கிறது, அதனடியில் நீர் எப்படிப் போகிறது என்று கணக்கெடுக்கும் ஏற்பாடு பிறந்திருக்க வேண்டும். அபர்ஃபானுக்குப் பின், 1969-ல், கழிவுக் குன்றுகளைக் கண்காணிக்கவே பிரிட்டனில் தனிச் சட்டம் வந்தது. கணக்கு முதலில், பாதை பிறகு. இந்த வரிசையை மாற்றியவர்கள் எல்லோரும் தொல்லைப்பட்டிருக்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

டாஸ்மேனியாவின் வடகிழக்கிலுள்ள டெர்பியின் கதையும் இதே இனத்தைச் சேர்ந்தது. 1874-ல் அங்கே தகரத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. மெல்போர்ன் கோப்பையை வென்ற ஒரு குதிரையின் பெயரான பிரைசீஸ் என்பதையே சுரங்கத்துக்கு வைத்தார்கள். தாது எடுப்பதும் ஒரு சூதாட்டந்தான் என்று வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல மைல் தூரத்துக்கு வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்து, அந்த நீரின் வேகத்தாலேயே மலையைக் கரைத்துத் தாதுவைப் பிரித்தார்கள். அதற்காகக் கட்டிய அணை, பெருமழையில் 1929 ஏப்ரல் 4 அன்று உடைந்தது. வெள்ளம் ஊருக்குள் புகுந்து 14 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பிறகு சுரங்கம் மறுபடி நடந்து, 1948-ல் நின்றே போயிற்று. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் டெர்பி மெல்லமெல்லத் தேய்ந்தது. கடைகள் அடைத்தன, வீடுகள் விலைபோகவில்லை, இருநூறு பேர் கூட மிஞ்சாத ஊராயிற்று.

அந்நிலையில் டார்செட் என்ற உள்ளூராட்சி மன்றமும் அதன் அண்டை மன்றமும் சேர்ந்து, மத்திய அரசாங்கத்திடம் சுமார் 31 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பெற்று, பாதை அமைப்பதையே தொழிலாகக் கொண்ட கிளென் ஜேக்கப்ஸ் குழுவினரை அழைத்து வேலையைத் தொடங்கின. 2015-ல் ‘புளூ டெர்பி’ பாதைகள் திறக்கப்பட்டன. பழைய சுரங்கக் கழிவை வெளியேற்றுவதற்காகப் பாறையைக் குடைந்த குகைவழி, நீர் கொண்டுவந்த வாய்க்கால் தடம், ஆளுயரப் பெரணிகள் அடர்ந்த மழைக்காடு என்று எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் அந்தப் பாதைகளைத் தேடி, இரண்டே ஆண்டில் உலக எண்டியூரோ போட்டியே அங்கு வந்துவிட்டது. எண்டியூரோ என்பது, ஏற்றத்தை நிதானமாக ஏறி, இறக்கத்தை மட்டும் கடிகாரம் வைத்து அளக்கும் பந்தயம். இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே சந்தில் நுழைந்து பாயும் ஒரு பாதைக்கு, குண்டு வெடிப்பதைக் குறிக்கும் பெயரை அங்கே விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். சிவகாசி வட்டாரத்தில் யாரும் அப்படிப் பெயர் வைக்கத் துணியமாட்டார்கள்.

டெர்பியில் பாதைக்குக் கட்டணம் கிடையாது, மெர்தரில் உண்டு. இந்த வித்தியாசம் சிறியதாகத் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது. கட்டணமில்லாத பாதையைப் பராமரிக்கும் சுமை ஆண்டுதோறும் உள்ளூர் மன்றத்தின் தலையில் விழுகிறது. வருமானமோ தங்கும் விடுதி, உணவுக்கடை, சைக்கிள் வாடகைக்கடை முதலியவற்றின் கல்லாவுக்குப் போகிறது. விலைபோகாதிருந்த வீடுகளை வெளியூரார் வாங்கி விருந்தினருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியதும், உள்ளூரிலேயே பிறந்தவனுக்குக் குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாயிற்று. ஊர் பிழைத்தது, ஆனால் பிழைத்த ஊர் பழைய ஊர்தானா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. மரம் வெட்டும் அரசு நிறுவனத்துக்கும் பாதையின் இருமருங்கிலுமுள்ள காட்டைக் காக்க விரும்புகிறவர்களுக்கும் வழக்கும் எழுந்தது.

மூன்றாவது உதாரணமான கயூனா, மின்னசோட்டாவிலுள்ள இரும்புப் பிரதேசம். கயிலர் ஆடம்ஸ் என்பவர் நிலம் அளந்துகொண்டிருந்தபோது திசைகாட்டியின் முள் காரணமின்றித் திரும்புவதைக் கண்டு பூமிக்கடியில் இரும்பு இருப்பதை ஊகித்தார். தம் பெயரில் பாதியையும், கூடவே அலைந்த தம் நாயின் பெயரையும் சேர்த்து அந்தப் பிரதேசத்துக்கு இட்டார் என்று சொல்வார்கள். மாங்கனீசு கலந்த அந்தத் தாது முதல் உலக யுத்தத்தில் எஃகு செய்ய மிகவும் பயன்பட்டது. 1924 பிப்ரவரி 5 அன்று, அங்கேயுள்ள மில்ஃபோர்டு சுரங்கத்தின் ஒரு கிளை, மேலேயிருந்த ஏரிநீருக்கு மிக அருகில் போய்விட்டதால், நீரும் சேறும் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. கால்மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் சுரங்கம் நிரம்பிற்று. 41 பேர் இறந்தார்கள்; ஏழு பேர் ஏணியில் ஏறித் தப்பினார்கள். கிளின்டன் ஹாரிஸ் என்ற தொழிலாளி, தப்பிக்கும் வாய்ப்பிருந்தும் அபாய ஒலியை மற்றவர்களுக்காக எழுப்பிக்கொண்டே நின்று மாண்டார்.

சுரங்கங்கள் ஓய்ந்த பின், கயூனாவின் திறந்தவெளிக் குழிகள் நிலத்தடி நீரால் நிரம்பி, தெளிந்த ஆழமான ஏரிகளாயின. கழிவு மேடுகளில் தாமாகவே மரங்கள் முளைத்தன. 1993-ல் மாநிலச் சட்டமன்றம் அந்த நிலத்தைப் பொதுப் பொழுதுபோக்குப் பிரதேசமாக அறிவித்தது. பாதைகள் திறந்தது 2011-ல். நடுவிலுள்ள அந்தப் பதினெட்டு ஆண்டுகளைப் பலர் கவனிப்பதில்லை. குழிக்கரைகளைப் பரிசோதிப்பதும், நிலத்தின் உரிமையைத் தீர்ப்பதும், ஏரிகளில் மீன் விடுவதும், ஊராரைச் சம்மதிக்கச் செய்வதும் அந்த இடைக்காலத்தின் வேலைகள். இன்று கிராஸ்பி என்ற சிற்றூரில், இரும்புத் துருவின் சிவப்பு மண் பூசிய டயர்களோடு சைக்கிள்கள் உணவுக்கடை வாசலில் சாய்ந்து நிற்கின்றன. சற்றுத் தூரத்தில் மில்ஃபோர்டு சுரங்கத்தில் இறந்தவர்களுக்கான நினைவுப் பூங்கா இருக்கிறது.

அபர்ஃபான், டெர்பி, மில்ஃபோர்டு என்ற மூன்று துயரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மூன்றிலும் கொன்றது நீர் என்பது புலனாகும். நம் வட்டாரத்தில் நெருப்பு செய்வதை அங்கே நீர் செய்திருக்கிறது. மலைச் சைக்கிள் பாதை அமைக்கும் சாஸ்திரமும் அடிமுதல் முடிவரை நீரைப் பற்றியதுதான். சக்கரம் பாதையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. சக்கரம் கீறிய கோட்டில் மழைநீர் ஓடும்போதுதான் பாதை ஓடையாகிறது. ஆகவே சரிவின் நேர்ப்போக்கில் பாதையை விடமாட்டார்கள். சம உயரக் கோட்டை ஒட்டிச் சாய்வாகக் கொண்டுபோவார்கள். பாதையின் ஏற்றம், அது கடக்கும் சரிவின் ஏற்றத்தில் பாதிக்குமேல் இருக்கலாகாது என்பது ஒரு விதி. சராசரியில் நூறடிக்குப் பத்தடிக்குமேல் ஏறலாகாது என்பது மற்றொன்று. பள்ளத்துப் பக்கமாகப் பாதையின் மேற்பரப்பைச் சற்றே சாய்த்துவிட்டால் விழுந்த நீர் குறுக்கே வடிந்துபோகும். அப்படியும் நீளவாக்கில் ஓட நினைக்கும் நீரை ஏமாற்றுவதற்காக, இறங்கிக்கொண்டே வரும் பாதையைச் சில கஜத்துக்கு ஒருமுறை சற்று மேலேற்றி மறுபடி இறக்குவார்கள். நீர் அந்தப் பள்ளத்தில் நின்று வெளியேறும், ஓட்டுகிறவனுக்கோ அதுவே அலைமீது மிதப்பதுபோன்ற இன்பத்தைத் தரும். சேறாகும் இடங்களில் கல் பாவுவார்கள். வளைவுகளில் வெளிப்புறத்தை உயர்த்தி மண்ணைக் கெட்டிப்படுத்துவார்கள். கரையின் சாய்வையும் கலிங்கின் மட்டத்தையும் கண்ணாலேயே அளந்து கண்மாய் கட்டிய நம்மவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. கல் பாவுவதற்கு வெளியூரிலிருந்து ஆள் தருவிக்க வேண்டியதே இல்லை.

இந்தியாவில் இப்படிப்பட்ட முயற்சிக்கு நேரான உதாரணம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், குருகிராமிலுள்ள ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்காவைத்தான் சொல்ல வேண்டும். கல்லும் மண்ணும் வெட்டிப் பாழான ஏறக்குறைய 380 ஏக்கர் நிலத்தில், 2010 முதல் ‘ஐ ஆம் குர்கான்’ என்ற குடிமக்கள் அமைப்பும் நகராட்சியும் சேர்ந்து, விஜய் தஸ்மானாவின் மேற்பார்வையில், அந்த மலைக்கே உரிய மரங்களின் விதைகளைத் தேடிப் பொறுக்கி வந்து நாற்று வளர்த்துக் காடாக்கினார்கள். பழைய குவாரித் தடங்களில் இன்று நடப்போரும் ஓடுவோரும் சைக்கிள் விடுவோரும் போகிறார்கள். சட்டப்படி காப்புக்காடாக இல்லாமலே உயிரினங்களைக் காக்கும் நிலம் என்ற உலக அங்கீகாரம், இந்தியாவில் முதன்முதலாக, 2022 பிப்ரவரியில் அதற்குக் கிடைத்தது. அந்தப் பூங்காவுக்குள் நெடுஞ்சாலை போட வேண்டுமென்று ஒரு திட்டம் எழுந்தபோது, அதைத் தங்கள் இடமாகவே கருதத் தொடங்கிவிட்ட நகரவாசிகள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள்.

தமிழர் சம்பந்தப்பட்ட மிகப்பெரிய சுரங்கப் பாழ்நிலம் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் அங்கே காலூன்றியது முதல், வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஜனங்கள் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயிற்று. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டது. பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய அரைத்த மண், ‘சயனைடு மேடு’ என்று ஊரார் சொல்லும் வெளிறிய குன்றுகளாக இன்றும் நிற்கிறது. அதன் அளவு மூன்று கோடி டன்னுக்குமேல். புல்லும் முளைக்காத அந்த விநோதத் தோற்றத்துக்காகத் திரைப்படக்காரர்கள் வருகிறார்கள். மோட்டார் சைக்கிளில் சாகசம் செய்ய விரும்பும் இளைஞர்களும் பெங்களூரிலிருந்து வந்து ஏறி இறங்குகிறார்கள். காற்றடி காலத்தில் அந்த மேடுகளின் தூசி வீடுகளுக்குள் படிவதைப் பற்றியும், அதனால் வரும் இருமலைப் பற்றியும் அங்கே வாழும் முன்னாள் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகின்றன. மண்ணைச் சுத்தி செய்யாமல், தூசியை அடக்காமல், எந்த மேட்டில் எவ்வளவு விஷம் மிஞ்சியிருக்கிறது என்று பலகை வைக்காமல் நடக்கும் இந்த ஏற்றமும் இறக்கமும், கயூனாவின் பதினெட்டு ஆண்டுகளுக்கு நேர் எதிரானவை.

கல்குவாரியும் சைக்கிளும் சந்தித்த இடம் தமிழ்நாட்டிலேயே ஒன்று உண்டென்பதை மறக்கலாகாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்தபோது, அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. குவாரியில் கல்லுடைத்துக்கொண்டிருந்த பெண்களும் கற்றார்கள். பஸ்ஸுக்காகவும் ஆண்பிள்ளைத் துணைக்காகவும் காத்து நின்ற காலம் போய், வேலைக்கும் கூட்டத்துக்கும் தாங்களே ஏறிப் போனார்கள். கேலி பேசியவர்களைச் சட்டை செய்யவில்லை. ஒரு லட்சத்துக்குமேற்பட்ட பெண்கள் கற்றதாக அக்காலத்தில் கணக்கிட்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமற்போகவே பலர் ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். மலைச் சைக்கிள் என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரிந்திராது. ஆனால் குவாரிச் சரிவின் சரளைக் கல்லில் அந்தப் பெண்கள் ஓட்டிய ஓட்டம், மெர்தரில் சீட்டு வாங்கிக்கொண்டு ஓட்டும் ஓட்டத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

எம். புதுப்பட்டிக்கு இவை எந்த வகையில் பொருந்தும் என்பதை இனிப் பார்க்கலாம். பட்டாசுத் தொழிலை மூடிவிட்டுச் சைக்கிள் பூங்கா திறக்க வேண்டுமென்று புத்தியுள்ள எவனும் சொல்லமாட்டான். ஆனாலும் ஒரே தொழிலை நம்பிய ஊர்களின் ஜாதகம் எப்படிப் போகும் என்பதற்கு மெர்தரும் டெர்பியும் சாட்சிகள். பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018-ல் விதித்த தடை, சிவகாசியில் எத்தனை வீடுகளின் அடுப்பைக் கலக்கிற்று என்பதை இந்தப் பக்கத்தார் அறிவார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டியிலும், 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்திலும் நடந்த வெடிவிபத்துகள், தொழிலின் மறுபக்கத்தையும் காட்டின. ஞாயிற்றுக்கிழமையானால் செல்போனைப் பார்த்துக்கொண்டோ, நீர் தேங்கிய குழியில் குதித்தோ பொழுது போக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டிடம் வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதமிருக்காது. வெளியூர்ப் பணம் வருமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. டெர்பியைப் பார்த்த பிறகு, அது கொஞ்சம் தாமதமாக வந்தாலும் கெடுதலில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேற்கே தெரியும் மலையை இந்தப் பேச்சில் சேர்க்கலாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988 முதல் காக்கப்பட்டு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்ட காடு அது. அங்கே சக்கரத்துக்கு வேலையில்லை. வேலையிருப்பது இந்தப் பக்கத்துச் சமவெளியில், கல் எடுத்து முடிந்த குழிகளின் ஓரத்திலும், அள்ளாமல் விட்ட மண்மேடுகளிலும்தான். அங்கேயும் பட்டாசு ஆலைகளிலிருந்தும் மருந்துக் கிட்டங்கிகளிலிருந்தும் சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இடம் பார்க்க வேண்டும். கரைகளைச் சரித்து, நீர்ப்பக்கம் வேலியிட்டு, நீரிலிருந்து ஏறிவரப் படியோ சரிவோ அமைத்த பிறகே ஒரு கஜம் பாதை கூட வெட்டலாம். பணத்துக்கு வழியில்லை என்று சொல்வதற்கில்லை: 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் நலனுக்கென்றே மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டு, குத்தகைதாரர்களிடமிருந்து அதற்குப் பணம் வசூலாகிறது. அந்தப் பணத்தைக் கட்டிடமாகவும் தெருவிளக்காகவும் மட்டுமே பார்க்கப் பழகியிருக்கிறோம்.

மெர்தரில் நிலம் அரசு வனத்துறையினுடையது, கயூனாவில் மாநிலத்தினுடையது, குருகிராமில் நகராட்சியினுடையது. தனியார் பட்டாவில் இருக்கும் குழியில் இம்மாதிரியான காரியம் தொடங்கினால், நிலத்தின் விலை ஏறிய மறுநாளே அது வீட்டுமனையாகிவிடும். ஆகவே சிவகாசி வட்டத்தில் குத்தகை முடிந்த குவாரிகளுள் எவை அரசுப் புறம்போக்கு, எவை பட்டா, எவற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று தனித்தனியே பிரித்து எழுதுவதுதான் முதல் வேலை. ஏடுகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே, புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் பிரிவிலும் வருவாய்த் துறையின் பிரிவிலுமாக இருக்கின்றன. ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஓர் அளவுநாடாவோடு கூடப்போனால், புதுப்பட்டிப் பக்கத்துக் குழிகளுக்கு ஒரு வாரத்துக்குமேல் ஆகாது.